முளை நகர்ந்த நூறு அடி

எனக்கு வரவேண்டியது ஆயிரத்து இருநூற்று முப்பது ரூபாய். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் இன்ஸ்பெக்டர் அய்யாவுக்குச் சுலபமாக விளங்கும்.

ஸ்டேஷன் ரைட்டர் அய்யா வாக்குமூலத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். நாற்பத்திரண்டு வயதில் இரவு வகுப்புக்குப் போய் எழுத்துக் கற்றவன் நான். ரேஷன் கடையில் கையெழுத்துப் போட்டதைத் தவிர அதனால் இதுவரை ஒரு பிரயோசனமும் இல்லை. இன்றைக்குத்தான் நாலு பக்கம் எழுத வாய்ப்பு வந்திருக்கிறது.

என் பெயர் சம்பந்தம். காலையில் கேம்ப் ரோடு முனையில் கடப்பாறையோடு நிற்கிற ஆட்களில் ஒருவன். பள்ளம் தோண்டுவேன், மண் அள்ளுவேன், இடிப்பேன். கட்டுவது மேஸ்திரி வேலை, அது எனக்கு வராது.

போன ஐப்பசியில் சேலையூர் துரைராஜ் அண்ணன் வீட்டில் மதில் போடுவதற்கு அஸ்திவாரம் தோண்டினேன். அவருக்கு வீட்டை ஒட்டிப் பெரிய வயல் உண்டு. அப்பா காலத்தில் நெல் விளைந்தது. இப்போது அவர் அதை மனையாகப் பிரித்து 'துரைராஜ் நகர்' என்று பலகை நட்டிருந்தார். வீட்டுக்கும் அந்த வயலுக்கும் நடுவில்தான் மதில். கல்லும் கரடுமான தரை. பதின்மூன்று நாள் வேலை, நாளுக்கு நூற்றுப் பத்து. நடுவில் இருநூறு வாங்கியிருந்தேன், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் கெட்டவர் இல்லை. தர மாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. நாள் கிழமை பார்க்கிறவர், அவ்வளவுதான்.

"இன்னா சம்பந்தம், வெள்ளிக்கெழமையும் அதுவுமா வந்து நிக்கிற. லட்சுமிய நானே புடிச்சு தெருவுல தள்ளணுமா?"

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. திங்கள் காலை போனால் ராகு காலம். புதன்கிழமை போனேன், அவர் ராசிக்குச் சந்திராஷ்டமம். சனிக்கிழமை கொடுத்தால் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டி வருமாம். ஒரு வியாழக்கிழமை எல்லாம் கூடி வந்தது. ஆனால் நான் போய்ச் சேர்வதற்குள் அண்ணன் சம்சாரம் கங்கையம்மாள் அக்கா விளக்கேற்றிவிட்டார். விளக்கு வைத்த பிறகு காசு வாசலைத் தாண்டக் கூடாது. பொழுது சாய்ந்து வேலை விடுகிறவன் விளக்கு வைப்பதற்கு முன்னால் எப்படி வருவான் என்று நான் கேட்கவில்லை. நம்பிக்கை அவரவர் இஷ்டம்.

தை மாதம் ஸ்ரீநிவாசன் சார் வந்தார். வானிலைக்காரர். டேப்பைப் பிடிக்கவும் முளை அடிக்கவும் ஓர் ஆள் வேண்டும் என்று முனையில் நின்றவர்களில் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு கம்பம் நடப் போகிறார்களாம். உச்சியில் காற்றுக்குச் சுற்றுகிற கிண்ணங்கள், கீழே மழையைப் பிடிக்கிற டப்பா, வெயிலில் ஓடுகிற ஒரு பெட்டி. மனிதன் வேண்டாம், மழையையும் வெயிலையும் அதுவே குறித்துக்கொண்டு சொல்லிவிடுமாம். அதற்கு நல்ல இடம் பார்க்க வேண்டும்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது இதைவிட எளிது. முதலில் ஒரு பள்ளிக்கூட மொட்டை மாடி பார்த்தோம். சிமெண்ட் தரை சூட்டைக் கக்கும், வெயில் கணக்கு தப்பாகிவிடும் என்றார். ஏரிக்கரையைப் பார்த்தோம். தண்ணீர் பக்கத்தில் இருந்தால் குளிர்ந்து காட்டும். கல்யாண மண்டபத்துக்காரர் ரொம்ப ஆசையாக இடம் காட்டினார். சமையல்கட்டுப் புகை நேராக அங்கேதான் வந்தது. "இங்க வெச்சா முகூர்த்த நாள்ல எல்லாம் ஹீட் வேவ்தான்" என்று சிரித்துவிட்டு சார் வண்டியை எடுத்தார்.

நான்தான் துரைராஜ் அண்ணன் வயலைச் சொன்னேன். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை.

சாருக்கு வயல் பிடித்துப்போனது. புல் தரை, மரம் இல்லை, தண்ணீர் தேங்காது. அண்ணனுக்கோ தலைகால் புரியவில்லை. தினமும் ரேடியோவில் நுங்கம்பாக்கம் இத்தனை, மீனம்பாக்கம் இத்தனை என்று மழை சொல்கிறார்கள் அல்லவா. அந்த வரிசையில் தன் பெயரும் வரும் என்று அவருக்குப் பட்டுவிட்டது. அங்கேயே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிக்கிறவர் குரலில், "துரைராஜ் நகர், ஏழு சென்டிமீட்டர்" என்று சொல்லிப் பார்த்தார். கங்கையம்மாள் அக்கா, "ஏழு போதுமா, இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்றார்.

சார் ஒரு விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். சுற்றிலும் எது நின்றாலும் சரி, அதன் உயரத்தைப் போல நாலு மடங்கு தூரத்துக்கு அப்பால் நிற்க வேண்டும். கிட்டத்தில் நின்றால் காற்றை மறைக்கும், மழையை மறைக்கும்.

அப்போது விமானப்படைக்காரர்கள் ஓட்டிப் பழகுகிற சின்ன பிளேன் ஒன்று தலைக்கு மேல் போனது. "சார், அதுக்கும் நாலு மடங்கா?" என்று அண்ணன் கவலையோடு கேட்டார்.

"அது நகர்ந்துடும் சார். நிக்கறதுக்குத்தான் ரூல்."

வீட்டு வாசற்படியிலிருந்து நூற்று முப்பது அடி தள்ளிச் சிவப்பு முளை ஒன்று அடிக்கச் சொன்னார். அடித்தேன். வாசற்படி ஓரமாக ஒரு கிணறு உண்டு, அதிலிருந்தும் நூற்று முப்பதுதான். சார் நோட்டில் எழுதிக்கொண்டார். மேலே கடிதம் போட்டு உத்தரவு வாங்க ஆறேழு மாதம் ஆகும், நடுநடுவே வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போன மறுநாளே அண்ணன் அந்த முளைக்குப் பூசை போட்டார். ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்தார். முளையைப் பிடுங்கி, குழியில் நவதானியம், ஓர் எலுமிச்சம்பழம், அக்காவின் பழைய மெட்டி ஒன்று, எல்லாம் போட்டு மறுபடி அடித்து மஞ்சள் பூசினார்கள். இனி இதை அசைக்கக் கூடாது, அசைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்று ஜோசியர் சொன்னார். ஆடு மாடு பிடுங்காமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே. அண்ணன் என்னைத்தான் சொன்னார். "நீ போற வழிதான, ஒரு கண்ணு பாத்துக்க." காவலுக்குக் கூலி பேசவில்லை. பேசியிருந்தாலும் நல்ல நாள் கிடைத்திருக்காது.

என் வீட்டுக்காரி பூவம்மாள் தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். வராத பாக்கிக் காசைப் பற்றி அவளுக்கு நிறையத் தெரியும். மாசி மாதம் ஒருநாள் நான் வெறுங்கையோடு போனபோது, சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"துட்டு தரலன்னா இன்னா. நீ தோண்டுன பள்ளத்த திருப்பி எடுத்துகினு வந்துடு. அந்தாளு இன்னா பண்ணிடுவான்."

கேலியாகத்தான் சொன்னாள். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருந்தது. மீனுக்குக் காசு தராவிட்டால் அவள் மீனைக் கூடையில் திருப்பிப் போட்டுக்கொள்கிறாள். சண்டை இல்லை, பேச்சு இல்லை. எனக்கும் என் பள்ளம் திரும்பி வந்துவிட்டால் போதும்.

சிக்கல் என்னவென்றால் பள்ளத்தின் மேல் மதில் நின்றது. ஐந்தடி மதில். நாலு மடங்கு என்றால் இருபது அடி. முளை மதிலுக்கு இருபது அடிக்குள் வந்துவிட்டால் மதில் போயாக வேண்டும். இது என் சட்டம் இல்லை, சார் சட்டம்.

அய்யா கேட்டீர்கள், மதிலுக்காக வீடு ஏன் போக வேண்டும் என்று. வீட்டின் மேல் எனக்கு ஒன்றும் இல்லை. வீடு உயரம், மதில் குள்ளம். முளை நெருங்க நெருங்க உயரமானதுதான் முதலில் இடிக்கும். என் பள்ளத்துக்குப் போகிற வழியில் வீடு நின்றது. அதை அங்கே கட்டியது நான் இல்லை.

ஆக ஒரு நாளைக்கு ஓர் அடி. சில நாள் ஒன்றரை. எல்லாம் பட்டப்பகலில்தான் செய்தேன், ஒளித்துச் செய்யவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அண்ணனும் அக்காவும் டிவி சீரியல் பார்க்கிற நேரம். முளையைப் பிடுங்கும்போது நவதானியம், எலுமிச்சம்பழம், மெட்டி எல்லாவற்றையும் கூடவே எடுத்துப் புதுக் குழியில் வைத்துத்தான் அடித்தேன். மஞ்சள் உதிர்ந்தால் பூசிவிட்டேன். பழம் இரண்டு தடவை அழுகிவிட்டது, என் காசில் வேறு வாங்கிப் போட்டேன். பூசையைக் கெடுத்தான் என்று என்னை யாரும் சொல்ல முடியாது.

பங்குனியில் சார் வந்தார். டேப்பை நான் ஒரு முனையில் பிடித்தேன். சார் வீட்டு மாடியில் இருந்த தண்ணீர் டேங்க் அறையைப் பார்த்து முகத்தைச் சுருக்கினார்.

"போன தடவை கரெக்டா இருந்த மாதிரி ஞாபகம். அந்த டேங்க் ரூம் லேசா இடிக்குதே. முளையை அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிக்கலாம் சார், ஒண்ணும் பிரச்சினை இல்ல."

அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். "முளைய மட்டும் தொடச் சொல்லாதீங்க சார். டேங்க் ரூம நான் பாத்துக்கறேன்."

டேங்க் அறையை நான்தான் இடித்தேன். இரண்டு நாள். கூலி அன்றன்றைக்கே கைக்கு வந்தது. இதை அய்யா கவனிக்க வேண்டும். கட்டுவதற்குத்தான் நாள் நட்சத்திரம் எல்லாம். இடிக்கிறவனுக்குக் காசு கொடுப்பதற்கு எந்தக் கிழமையும் ஒத்துக்கொள்கிறது.

அதற்குள் அண்ணன் நோட்டீஸ் அடித்துவிட்டார். 'வானிலை நிலையம் அமையும் ஒரே நகர்.' பொழிச்சலூரிலிருந்தும் பம்மலிலிருந்தும் ஆட்கள் வந்து மனைக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். பதினோரு பேர். ரேடியோவில் பெயர் வராவிட்டால் காசைத் திருப்பிக் கேட்பார்கள். இனி அவரால் பின்வாங்க முடியாது. அது எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், மறைத்ததாக இருக்க வேண்டாம்.

சித்திரையில் சார் வந்தபோது மாடி இடித்தது. "மாடின்னா கஷ்டம் சார், விட்டுடுங்க, வேற சைட் பாக்கலாம்" என்றார் அவர், பாவம், உண்மையாகவே.

அண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க வாயத் தொறந்து சொல்லவே வேணாம் சார், எனக்குப் புரிஞ்சிகிச்சு" என்றார்.

"என்ன புரிஞ்சுது?" என்று சார் என்னைக் கேட்டார். தெரியவில்லை சார் என்றேன்.

மாடியை இடிக்க ஒன்பது நாள். பூசை அறை மாடியில் இருந்தது. சாமி படங்களை அக்கா ஒவ்வொன்றாகக் கீழே கொண்டுவந்தார். நான் கை கொடுத்தேன். அக்கா எனக்கு எப்போதும் டீ தருவார், சர்க்கரை தூக்கலாக. அன்றைக்கு டீயைக் கொடுத்துவிட்டு வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாங்க, முளை கிட்ட வந்தாப்புல கீதே."

"வூடு சின்னதா ஆச்சுல்ல, அதான் அப்டித் தெரியுது" என்றார் அண்ணன்.

அக்கா என்னைப் பார்த்தார். நான் டீயைக் குடித்தேன்.

கீழ் வீட்டுக்கு முறை வந்தது வைகாசியில். சாமான்களைக் கட்டு என்றார் அண்ணன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடி போர்ஷன் வாடகைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் பக்கத்தில் ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருந்த குடும்பம், தண்ணீர் காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணி வரைதான் என்று வீட்டுக்காரம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டு நின்றது. தட்டுமுட்டுச் சாமான்களை நான்தான் டிரை சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். அதற்குக் காசு வாங்கவில்லை. என்ன இருந்தாலும் பழகின மனிதர்கள்.

வீடு போன பிறகு அந்த இடம் பார்க்க நன்றாக இருந்தது. நல்ல காற்று. சார் சொன்னது சரிதான் என்று தோன்றியது.

அதன் பிறகு முளையை ஆறடிதான் நகர்த்த வேண்டியிருந்தது. சார் அடுத்த தடவை வந்து, வீடு இருந்த இடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு டேப்பைப் பிடித்தார். மதில் என்று வாயெடுத்தார். அண்ணன் அவர் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. "சம்பந்தம், எடுத்துடு" என்றார்.

மதிலை ஒரே நாளில் எடுத்தேன். அஸ்திவாரக் கல்லையும் தோண்டி எடுத்தேன். கீழே என் பள்ளம் அப்படியே இருந்தது, நான் கடப்பாறை போட்ட தழும்பு வரைக்கும். கொஞ்ச நேரம் அதற்குள் இறங்கி உட்கார்ந்திருந்தேன். பிறகு மண் தள்ளி மூடினேன். தண்ணீர் விட்டு மிதித்து, புல்லைப் பெயர்த்து வைத்தேன். பதின்மூன்று நாள் வேலை இருந்த சுவடு தெரியவில்லை.

ஆனி மாதம், போன வாரம், சார் கடைசியாகப் பார்க்க வந்தார். அண்ணன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு அக்காவோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். கையில் ஆப்பிள், சாத்துக்குடி வைத்த தட்டு. சார் நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தார். ஒரு தடங்கலும் இல்லை. அடிவானம் வரைக்கும் தெரிந்தது.

"சைட் பிரமாதம் சார். இப்படி ஒரு சைட் நான் சர்வீஸ்லயே பாத்ததில்ல. ஆனா ஒரு விஷயம். மெஷின் திருடு போகாம, ஆடு மாடு இடிக்காம பாத்துக்க பக்கத்துல ஒரு குடும்பம் குடி இருக்கணும். மொதல்ல உங்க வீடு இருந்தது, அதனாலதான் இந்த இடத்தையே டிக் பண்ணேன். இப்ப ஒரு கிலோமீட்டருக்கு ஈ காக்கா இல்ல. மேல ஒத்துக்க மாட்டாங்க சார். வேற ஊர்ல ஒரு ஸ்கூல் கிரவுண்ட் பாத்திருக்கேன். வாட்ச்மேன் குடும்பத்தோட அங்கயே இருக்கான்."

அண்ணன் கையில் இருந்த தட்டு சாய்ந்தது. ஒரு சாத்துக்குடி உருண்டு புல்லில் விழுந்தது. சார் சங்கடப்பட்டு, ஏதாவது செய்ய வேண்டுமே என்று நோட்டைப் புரட்டினார். பிறகு டேப்பை எடுத்துக் கிணற்றிலிருந்து அளந்தார். மறுபடியும் அளந்தார்.

"முதல் நாள் கிணத்துலேருந்து நூத்தி முப்பது அடின்னு எழுதியிருக்கேன். இப்ப முப்பதுதான் இருக்கு. நூறு அடி எங்க போச்சு? கிணறு நகர்ந்துதா, முளை நகர்ந்துதா?"

எல்லோரும் ஏதோ ஒரு பக்கம் பார்த்துவிட்டு, கடைசியில் என்னைப் பார்த்தார்கள்.

"கெணறு எப்படி சார் நகரும்" என்றேன்.

நான் ஒப்புக்கொண்டது அங்கேயேதான். அய்யாவிடம் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் என் மேல் கை வைக்கவில்லை. அக்காதான் குழியைக் கிளறிப் பார்த்தார். மெட்டி இருந்தது. எலுமிச்சம்பழம் பச்சென்று இருந்தது, முந்தின நாள்தான் மாற்றியிருந்தேன். அதைப் பார்த்துத்தான் அக்கா அழுதார். வீடு இடித்தபோதுகூட அவர் அழவில்லை.

என் வீட்டை இடித்துவிட்டான் என்று புகாரில் எழுதியிருக்கிறது. உடையவர் சொல்லாமல் ஒரு செங்கல் மேலும் நான் கடப்பாறை வைத்ததில்லை. முளையை நகர்த்தினேன். அதை நகர்த்தக் கூடாது என்று சொன்னவர் ஜோசியர். சட்டத்தில் அப்படி இருப்பதாகத் தெரியவில்லை.

சற்று முன்பு இங்கே நடந்ததையும் எழுதச் சொன்னீர்கள். இவனுக்கு நீ எவ்வளவு தரணும் என்று அய்யா அண்ணனைக் கேட்டீர்கள். அவர் தலை குனிந்து, "ஆயிரத்தி எரநூத்தி முப்பது" என்றார். தொகை அவருக்கும் ஞாபகம் இருந்திருக்கிறது. பைக்குள் கை விட்டுப் பணத்தை எடுத்து எண்ணினார். நீட்டப் போகிறபோது கண் தானாகச் சுவர் காலண்டர் பக்கம் போனது. வெள்ளிக்கிழமை. கை அப்படியே நின்றது. வீடு இல்லை, மதில் இல்லை, மழைக் கம்பம் இல்லை, இருந்தும் நின்றது. அவருடைய நம்பிக்கை உறுதியானது. நான் அதை மதிக்கிறேன்.

நானே சொல்லிவிட்டேன், வேண்டாம் அண்ணா, உள்ளே வையுங்கள் என்று. பெருந்தன்மை எல்லாம் இல்லை. நான் தோண்டிய பள்ளம் இப்போது அங்கே இல்லை. இல்லாத வேலைக்குக் கூலி வாங்குகிற பழக்கம் எனக்குக் கிடையாது. பையில் வைத்திருக்கிற சின்ன நோட்டில் அந்தத் தொகையின் மேல் கோடு போட்டுவிட்டேன். பூவம்மாளுக்கும் சொல்லியனுப்பிவிட்டேன். கணக்கு தீர்ந்தது. அண்ணன் மேல் எனக்குக் கோபம் என்று எதுவும் இல்லை, ஒருநாளும் இருந்ததில்லை.

ரைட்டர் அய்யா மேலே எழுதியதையும் என் சின்ன நோட்டில் இருக்கிற அடிக் கணக்கையும் படித்துப் பார்த்துவிட்டு ஒன்று கேட்கிறார். மதில் எடுத்தபோது முளை கிணற்றிலிருந்து முப்பத்தாறு அடியில் இருந்தது. சார் கடைசியாக அளந்தபோது முப்பது. பள்ளம்தான் கைக்கு வந்துவிட்டதே, அப்புறம் எதற்கு இன்னொரு ஆறடி என்கிறார்.

கிணற்றுக் கைப்பிடிச் சுவர் இரண்டரை அடி உயரம். நாலு மடங்கு பத்து அடி. அளந்து வைத்திருந்தேன், அவ்வளவுதான். கோபத்தில் இல்லை.